கிடங்கு வாசலுக்கு வெளியே

வேலூரில் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரின் அறை. சாட்சி சொல்ல வருகிறவர்களுக்கென்று தனியாகக் கூண்டு எதுவும் கிடையாது. ஒரு மேசையின் முனையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் சாட்சி, மூட்டை தூக்கும் கூட்டத்தின் மேஸ்திரி, அந்த முனையைப் பிடிக்கவில்லை. இரண்டு கைகளையும் முன்னால் தொங்கவிட்டு, அப்போதுதான் எதையோ இறக்கி வைத்தவரைப் போல உள்ளங்கைகள் கொஞ்சம் விரிந்தபடி நின்றிருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தவில்லை. கிட்டத்தட்ட அன்பாகத்தான் கேட்டார்: “நீங்க தூக்கறதுக்கு முன்னாடி அவர் கால் ஆடிச்சா?” அந்தக் கேள்வி எதற்கென்று அறையில் இருந்த எல்லோருக்கும் ஒரே சமயத்தில் புரியவில்லை. எங்கள் வக்கீலுக்கு முதலில் புரிந்தது. அவர் பேனாவை மூடினார். எனக்கு அதற்கப்புறம். சுவரோரம் நின்றிருந்த அக்காவுக்கு எப்போது புரிந்ததென்று தெரியாது. மேஸ்திரிக்குக் கடைசியில்தான் புரிந்தது, அதுவும் பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது.

நான் ஆரணியில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பட்டுக்கடை ஒன்றின் மாடியில் அலுவலகம். கீழே புடவையை உதறி விரிக்கிற சத்தம், மேலே என் மெஷின் சத்தம். வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊரைப் பட்டு என்பார்கள். எங்கள் வீட்டிலும் தறிதான். ஆனால் அந்த மாடிப்படி ஏறி வந்த உடைந்த உடம்புகளில் பாதிக்கு மேல் அரிசியிலிருந்து வந்தவை. ஊரைச் சுற்றி ரைஸ் மில்கள், மில்லை ஒட்டி நீள நீளமாகக் கிடங்குகள், கிடங்குக்குள் கூரையைத் தொடும் மூட்டை அடுக்குகள். லாரிக்கும் கிடங்குக்கும் நடுவில் போட்ட பலகை வழுக்கி விழுந்தவர் வந்தார். கொக்கி தவறி உள்ளங்கையில் ஏறியவர் வந்தார். வண்டுக்கு வைத்த மருந்தின் நெடி அடங்குமுன் கதவைத் திறந்து உள்ளே போனவரின் அண்ணன் வந்தார். ஒருத்தர், வருஷக்கணக்காக மூட்டை சுமந்து ஒன்றும் ஆகாதவர், ஒரு காலையில் செருப்பு மாட்டக் குனிந்தபோது முதுகு விட்டுப்போய் வந்தார். அவருக்கு வழக்கே இல்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார், ஏனென்றால் அவர் விழவே இல்லை. அவர்கள் பேசுவது ஒரு மொழியில் வரும், நான் அடிப்பது இங்கிலீஷில் போகும். வலி இடையில் எங்கோ சிந்திவிடும். பணியின்போது, பணியின் காரணமாக ஏற்பட்ட காயம். இந்த இரண்டு வார்த்தைகளுக்குள் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினால் வழக்கு நிற்கும், இல்லாவிட்டால் விழும்.

அக்கா எங்கள் தெருக்காரி. எங்கள் தறிக்குத் தார் சுற்றிக் கொடுப்பாள், ஊடை நூலைச் சின்னக் குழலில் சுற்றுகிற வேலை. ராட்டை சுற்றிக்கொண்டே ஊர் வம்பெல்லாம் பேசுவாள். அவள் வீட்டுக்காரர் மூட்டை தூக்குகிறவர். அவரும் மேஸ்திரியும் ஒரே ஜோடி. மூட்டையைச் சுமக்கிறவன் தலையில் ஏற்றிவிட இரண்டு பேர் வேண்டும், எதிரெதிராக நின்று, ஒரே மூச்சில். அந்த இரண்டு பேரின் மூச்சு ஒத்துப்போக வருஷமாகும் என்பார்கள். ஒருத்தன் அரை நொடி முந்தினால் மூன்றாமவன் கழுத்து போகும். மேஸ்திரி கூட்டத்துக்குத் தலைவரான பிறகும் ஜோடியை மாற்றிக்கொள்ளவில்லை. அகலமான ஆள், குரல் மட்டும் பெண்பிள்ளை மாதிரி மெலிசு. அக்கா அதற்காகவே அவரைக் கேலி செய்வாள். “அண்ணா, நீங்க உள்ள வந்து பேசுங்க. வெளிய நின்னு கூப்ட்டா எங்க நாத்தனார் வந்துட்டான்னு நெனச்சிகினு இவரு பின்பக்கமா ஓடிப்பூடுவாரு.”

சணல் சாக்கு ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அந்த வருஷங்களில்தான் பிளாஸ்டிக் சாக்கு வந்தது. பளபளவென்று, படம் போட்டு, மழைக்கும் நனையாமல். கையில் எடுத்தால் மீன் மாதிரி நழுவும். அடுக்கிவைத்தால் மேல் மூட்டை கீழ் மூட்டையை நம்பாது. அடுக்கைப் பாதி உயரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று மேஸ்திரி முதலாளியிடம் சொன்னார். அந்தப் போகம் விளைச்சல் அதிகம், கிடங்கில் இடம் போதவில்லை. சரக்கை உன் தலை மேலயா வைக்கறது என்று முதலாளி சிரித்தாராம். கூட்டமும் சிரித்ததாம். அப்படி உயர்ந்த அடுக்கிலிருந்துதான் ஒரு மத்தியானம் லாரிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேலே ஏறி ஒவ்வொன்றாக இறக்கினால் நேரமாகும்; ஓரத்தில் கீழ் மூட்டையை உருவினால் ஜல்தி. லாரிக்காரன் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். உருவினார்கள். அடுக்கு சத்தமே போடாமல் சாய்ந்தது என்று மேஸ்திரி பிற்பாடு சொன்னார். “சுவரு இடிஞ்சா கூட ஒரு சத்தம் வரும் பாப்பா. இது துணி உலுக்கற மாதிரி வந்துச்சி.”

அக்காவின் வீட்டுக்காரர் அடியில் கிடந்தார்.

அதற்கப்புறம் அவர்கள் செய்ததை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். அரிசி இருக்கிற வீட்டுக்குள் உயிர் போகக் கூடாது. மூட்டை தூக்குகிறவர்கள் நடுவில் அது எழுதாத சட்டம். மகாலட்சுமி இருக்கிற இடம், அங்கே சாவு விழுந்தால் அந்தக் கூட்டத்தையே முதலாளி அப்புறம் வாசலில் சேர்க்க மாட்டார், வேறு முதலாளியும் சேர்க்க மாட்டார், கை ராசியில்லாத கூட்டம் என்று பெயர் வந்துவிடும். அதனால் பலமாக அடிபட்டவனை முதலில் வாசலைத் தாண்டி வெளியே கொண்டுவந்து விடுவார்கள். தண்ணீர், வண்டி, டாக்டர் எல்லாம் அதற்கு அப்பால்தான். அன்றைக்கும் அப்படித்தான். மூட்டைகளைத் தள்ளினார்கள், கைக்கு ஒருவர் காலுக்கு ஒருவராகப் பிடித்தார்கள், மேஸ்திரி அந்த மெலிசுக் குரலில் ‘ஏய்… ஆச்சி’ என்று சத்தம் கொடுத்தார், ஒரே மூச்சில் தூக்கினார்கள். தூக்குவதில் அவர்களுக்கு மேல் கெட்டிக்காரர்கள் ஊரில் இல்லை. கிடங்கின் நீளம் முழுக்க ஓடி, வாசலைத் தாண்டி, லாரியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ரோட்டில் கிடத்தினார்கள்.

ஆகவே ரோட்டில் விழுந்ததாகத்தான் எல்லா இடத்திலும் பதிவாயிற்று. ஆஸ்பத்திரியில், போலீஸில், எங்கும். லாரியிலிருந்து தவறி விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அக்கா வழக்குப் போட வந்தபோது முதலாளியின் பதில் தயாராக இருந்தது: அவர் என் ஆளே இல்லை, மேஸ்திரியின் ஆள், என் கிடங்கில் எதுவும் நடக்கவில்லை, ரோட்டில் நடந்தது. முதல் பாதியைச் சமாளிக்கலாம் என்றார் வக்கீல். மேஸ்திரி கூட்டிவந்த ஆளாக இருந்தாலும் வேலை முதலாளியின் வேலைதானே. இரண்டாவது பாதிக்கு, உள்ளே இருந்த யாராவது ஒருத்தர் வாயைத் திறக்க வேண்டும். அடிபட்டவரே திறக்கவில்லை. கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி மேலே பார்த்துக்கொண்டு, “ரோட்லதான் விழுந்தேன், போ” என்று அக்காவை விரட்டினார். காரணம் அக்காவுக்கும் தெரியும். விழுந்தவனின் கூலிப் பங்கை, அவன் எழுந்து வரும் வரைக்கும், கூட்டம் வாராவாரம் வீட்டுக்கு அனுப்பும். அதுவும் எழுதாத சட்டம்தான். அந்தக் கூட்டத்தை எப்படிக் காட்டிக்கொடுப்பது?

ஆனால் எழுந்து வராதவனுக்கு எத்தனை காலம் என்று அந்தச் சட்டத்தில் யாரும் சொல்லிவைக்கவில்லை. கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த இளசுகள் அவரோடு ஒரு மூட்டைகூடத் தூக்காதவர்கள். “படுத்துகினு கீறவனுக்கு நாங்க இன்னாத்துக்கு முதுக ஒடிக்கணும்?” என்று ஒருத்தன் மேஸ்திரியின் முகத்துக்கு நேராகவே கேட்டான். பங்கு சுருங்கியது, பிறகு மேஸ்திரியின் கையிலிருந்து மட்டும் வந்தது. அக்காவின் ராட்டை காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை நிற்காமல் சுற்றியது. அவள் வம்பு பேசுவதை நிறுத்திவிட்டாள். படுத்தே கிடந்தவரின் முதுகில் புண் வந்தது.

அப்போதுதான் மேஸ்திரி எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. நாற்காலி தாங்காது என்றார். வக்கீல் ஒளிக்காமல் சொன்னார், சாட்சி சொன்னால் கிடங்கு வேலை போய்விடும் என்று. “அது இன்னா புதுசா சார்? நேத்தே ஆள் அனுப்பிட்டாங்க. வேலூர் பஸ்ல கால வெச்சா அங்கியே எங்கனா வேலை தேடிக்கன்னு.” கூட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டார் வக்கீல். “கூட்டம் இன்னா சொல்லும்? எங்க பொண்டாட்டி புள்ளைங்களுக்கு விஷத்த வாங்கி குட்த்துட்டு போங்கன்னு சொல்லுது.” என் மெஷின் பக்கம் திரும்பினார். “பாப்பா, நீ எழுதிக்க. உள்ளதான். மூட்ட அட்டிக்கு அடியில. நான்தான் வெளிய இஸ்துகினு வந்தேன். எங்க வந்து சொல்லணுமோ சொல்றேன்.” அந்த வாக்கியங்களை நான் சந்தோஷமாக அடித்தேன் என்பது ஞாபகம் இருக்கிறது. வழக்கு நிற்கிறது என்ற சந்தோஷம். அவற்றுக்குள் வேறு என்ன இருக்கிறது என்று அவருக்கோ எங்களுக்கோ தெரியாது.

எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தெரிந்தது. மேஸ்திரி எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும், அவர் அதை மறுக்கவே இல்லை. சரி, உள்ளேதான் என்று வைத்துக்கொள்வோம் என்று ஆரம்பித்து, எப்படிப் பிடித்தார்கள், யார் எங்கே பிடித்தார்கள், ஓடினார்களா நடந்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். தன் வேலையைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று மேஸ்திரி சிரத்தையாகப் பதில் சொன்னார். தோள்பட்டையில் எப்படிக் கைகொடுப்பது என்று காட்டக்கூடச் செய்தார். அப்போது வந்தது அந்தக் கேள்வி. கால் ஆடிச்சா?

“ஆடிச்சிங்க,” என்றார் மேஸ்திரி. “ரெண்டு காலும் ஆடிச்சி. வலது கால மடக்கிகினான். மெதுவாடான்னு கூட சொன்னான் என்னான்ட…” அங்கே நிறுத்தினார். விரிந்திருந்த உள்ளங்கைகளைப் பார்த்தார். “வெளிய கொணாந்து போட்டப்புறம்?” என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். ஞாபகமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த அறையில் அந்த வார்த்தையை எத்தனையோ படித்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். “அப்பால ஆடல,” என்றார் மேஸ்திரி. பிறகு, யாரும் கேட்காமலே, இன்னும் மெலிந்த குரலில், “வாசல தாண்டும்போதே தொங்கிடுச்சி” என்றார்.

அடுக்கு விழுந்து அவருக்கு முதுகு போகவில்லை, தூக்கியதால் போனது. தூக்கச் சொல்லி முதலாளி சொல்லவில்லை. ஆகவே முதலாளிக்குப் பொறுப்பில்லை. இதுதான் வாதம். எங்கள் வக்கீல் எழுந்து நன்றாகவே பேசினார். மூட்டை விழாமல் யாரும் யாரையும் தூக்கியிருக்க மாட்டார்கள், அப்படித் தூக்கும் பழக்கமே அந்த வேலையிலிருந்துதான் வந்தது, இரண்டையும் பிரிக்க முடியாது என்றார். ஆணையர் அதை ஏற்றுக்கொண்டார். சில மாதங்கள் கழித்து உத்தரவு அக்காவுக்குச் சாதகமாக வந்தது. ஆக, மேஸ்திரி சொன்னதால்தான் ஜெயித்தோம். அவர் சொன்னதிலிருந்து எதையாவது விட்டுவிட்டு ஜெயித்திருக்க முடியுமா என்று பல வருஷம் எனக்குள்ளேயே வாதாடிப் பார்த்திருக்கிறேன்.

சாட்சி சொன்ன அன்றைக்கு ஊர் திரும்பும் பஸ்ஸில் நானும் அக்காவும் ஒரு சீட்டில். மேஸ்திரி பின்னால் எங்கோ நின்றுகொண்டு வந்தார், இடம் காலியான பிறகும். கண்ணமங்கலத்தில் வண்டி நின்றபோது ஜன்னலில் கொய்யா நீட்டினார்கள். அக்கா வாங்கினாள், என்னிடம் கொடுத்து, “குடு அண்ணனுக்கு” என்றாள். எழுந்துபோய்க் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். ஆரணியில் இறங்கியதும் அக்கா அவர் பக்கத்தில் போனாள். அவள் கத்துவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்றும் நினைத்தேன். “அவருகிட்ட இத சொல்லாதீங்கண்ணா,” என்றாள். “உங்கள நெனச்சிகினுதான் கொஞ்சம் சிரிக்கறாரு. அதயும் புடுங்கிடாதீங்க.” அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் அவரால் போக முடியவில்லை. போனால் சொல்லிவிடுவோம் என்று பயந்திருப்பார். சொல்லாமல் தன் ஜோடியின் முகத்தைப் பார்க்கவும் முடியாமல் இருந்திருக்கும்.

கட்டிலில் கிடந்தவருக்கு இது வேறு மாதிரி தெரிந்தது. தார் வாங்க நான் போகும்போதெல்லாம் கேட்பார். “இன்னாம்மா, எங்காளு கோர்ட்டு பக்கம் வராரா? கேஸு ஜெயிச்சதும் பெரிய மனுஷன் ஆயிட்டாரு. நம்ம வூட்டு வாசப்படி ஒசரம் பத்தல போல.” அக்கா ராட்டையை வேகமாகச் சுற்றுவாள். நல்ல மெத்தை வந்தது, நல்ல மருந்து வந்தது, அவரைத் திருப்பிப் படுக்கவைக்க ஓர் ஆளும் சில காலம் வந்தார். புண் மட்டும் ஆறவில்லை. இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலத்தில் அவர் போய்விட்டார், மேஸ்திரி மேல் உள்ள கோபத்தோடு. பொய்யான கோபம். அந்தக் கோபத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது அக்காதான். பாடையைத் தூக்கப் பழைய கூட்டம் முழுவதும் வந்தது. மேஸ்திரியும் வந்தார். தெருமுனையில், மின்கம்பத்துக்குப் பக்கத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

அதற்கு முன்பே மேஸ்திரியின் கிடங்கு வேலை போயிருந்தது. கூட்டம் அவரை விட்டுவிட்டு வேறு மேஸ்திரியிடம் சேர்ந்து அதே வாசலுக்குத் திரும்பிவிட்டது. அவர் போளூர் ரோட்டில் இன்னொரு கிடங்கில் சிந்திய அரிசி கூட்டுகிற வேலைக்குச் சேர்ந்தார். அது பெண்கள் செய்கிற வேலை. அகலமான அந்த முதுகு குனிந்து தொடப்பத்தோடு போவதைப் பார்த்து அந்தப் பெண்கள் விடவில்லை. “மேஸ்திரி மாமா, மூலைல பாரு எவ்ளோ கெடக்குது. இப்டி பெருக்கினா எந்த மாமியார் உன்ன வெச்சிப்பா?” அவரும் அந்தக் குரலில் பதிலுக்கு ஏதாவது சொல்வார், சிரிப்பார்கள். யாரையும் தூக்காத வேலை. அதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தார் என்று நினைக்கிறேன்.

அங்கேயும் ஒரு நாள் அடுக்கு விழுந்தது. அதே வழுக்கும் சாக்கு, அதே அவசரம். அடியில் மாட்டியவன் கல்யாணமாகி அதிக நாள் ஆகாத பையன். மூட்டைகளைத் தள்ளிவிட்டு ஆட்கள் அவன் கையையும் காலையும் பிடிக்கக் குனிந்தபோது, மேஸ்திரி நடுவில் வந்து நின்றார். “எவனும் தொடாத. தொட்டா தொடப்பத்தாலயே சாத்துவேன்.” பைத்தியமா என்று கேட்டார்கள். அரிசி வீட்டுக்குள்ள உயிரு போவும்யா என்று கத்தினார்கள். “போனா போவட்டும். வண்டி வர வரைக்கும் எவனும் தூக்கக் கூடாது.” ஒருத்தன் அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்தான், இன்னொருத்தன் அறைந்தான். அவர் நகரவில்லை. கடைசியில் அந்தப் பையனின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவன் தலை அசையாமல் இரண்டு கைகளுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டார். பையன் பேசிக்கொண்டிருந்தான், பிறகு தண்ணீர் கேட்டான், பிறகு கேட்கவில்லை. வண்டி வந்தது. தாமதமாக வந்ததா, சீக்கிரம் வந்ததா என்பதில் ஆளுக்கொரு கணக்கு. அதற்குள் உடம்புக்குள்ளே ரத்தம் கசிந்து முடிந்திருந்தது. அரிசி வீட்டுக்குள்ளேயே அவன் இறந்தான்.

அவன் மனைவியின் வழக்கையும் எங்கள் அலுவலகம்தான் நடத்தியது. வழக்கென்று சொல்லவே முடியாது. எங்கே நடந்தது என்று யாரும் கேட்கவில்லை, கேட்க வழியில்லை. அத்தனை பேர் பார்க்கக் கிடங்கின் நடுவில் கிடந்தானே. நான் அடித்ததிலேயே சிக்கலில்லாத மனு அது. ஆனால் அந்தப் பெண் மேஸ்திரியின் வீட்டு வாசலுக்குப் போய் மண்ணை வாரித் தூற்றினாள். ஒடனே தூக்கிகினு ஓடியிருந்தா பொழச்சிருப்பான், என் புருஷன புடிச்சி வெச்சி சாவடிச்சியே என்றாள். அவர் வெளியே வந்து நின்று, அது தலையிலும் தோளிலும் விழ விழ, அப்படியே நின்றிருந்தாராம்.

இப்போது போளூர் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது அந்தக் கிடங்குகளைப் பார்க்கிறேன். மூட்டை ஏற்ற ஓடுகிற பெல்ட் வந்துவிட்டது. ஒரு சுவரில், அடிபட்டவரை அசைக்காதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கிறார்கள். பக்கத்துச் சுவரில் எதுவும் எழுதவில்லை. அங்கே அடுக்கு கூரையைத் தொடுகிறது.

மேஸ்திரியை நான் கடைசியாகப் பார்த்தது அந்தப் பெண் மண் தூற்றியதற்குச் சில வாரங்கள் கழித்து. வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன். வழக்கம்போல் நின்றுகொண்டே கேட்டார்: “பாப்பா, நீ எத்தினியோ கேஸு அடிச்சிருக்க. சொல்லு. தூக்கியிருக்கணுமா, வாணாமா?” டாக்டர்கள் தூக்கக் கூடாது என்றுதான் சொல்கிறார்கள் என்றேன். “அது எனக்கும் தெரியும்மா. அந்த பொண்ணு கேக்குதே, அதுக்கு இன்னா சொல்றது?” மேசை மேல் கிடந்த பேப்பர்களை அடுக்கினேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டார். “சரி, நீ வேலைய பாரு,” என்று திரும்பினார். படியில் இறங்கும் சத்தம் பாதியில் நின்றது. கீழே புடவையை உதறுகிறார்கள். அவர் இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. நான் கூப்பிடுவேனோ என்று நிற்கிறார். கூப்பிட்டால் என்ன சொல்வேன்? ஒரு பேப்பரை மெஷினில் செருகினேன். அடுத்த மனு, பலகை வழுக்கி விழுந்தவர் ஒருத்தருடையது. அடிக்கத் தொடங்கினேன். அப்புறம்தான் படிகள் மறுபடியும் சத்தம் போட்டன, ஒவ்வொன்றாக, கீழே வரைக்கும்.